முதலில் குஸ்கா: வட சென்னைக் கடைகளில் சமையல்காரரைப் போலச் சாப்பிடும் முறை

ஓட்டல் அடுப்படியில் நிற்பவரிடம் "எந்தக் கடை நல்லா இருக்கும்?" என்று கேட்டால் ஊருக்கே தெரிந்த ஒரு பேரைத்தான் சொல்வார். அவருக்கு உங்களைத் தெரியாது, அதனால் வம்பில்லாத பேராகப் பார்த்துச் சொல்வார். கேள்வியை மாற்றிப் பாருங்கள். "உங்க லீவு நாள்ல என்ன சாப்பிடப் போவீங்க மாஸ்டர்? எத்தனை மணிக்குப் போவீங்க?" இப்போது வரும் பதிலில் ஒரு பண்டம் இருக்கும், ஒரு நேரம் இருக்கும், கடைப் பேர் கடைசியில்தான் வரும். பல நேரம் பேரே வராது. "மசூதிக்கு எதிர்ல, தள்ளுவண்டி" என்று அடையாளம்தான் வரும். பண்டமும் நேரமும் இல்லாமல் வெறும் கடைப் பேரை வைத்துக்கொண்டு வட சென்னைக்குப் போனால் ஏமாற்றம்தான். மத்தியானம் அமிர்தமாக இருந்த அண்டா மாலை ஐந்து மணிக்கு வேறு சாப்பாடு.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் உண்டு. பரோட்டாவைப் பற்றிப் பரோட்டா மாஸ்டரிடமும், மீனைப் பற்றி மீன் வெட்டித் தரும் அக்காவிடமும் கேளுங்கள். பிரியாணிக்கு ஒரு நல்ல வழி, கல்யாணத்துக்கு அண்டா வைக்கும் பாய்மார்களைக் கேட்பது. அவரவர் தொழிலில் எது கஷ்டம் என்று அவரவருக்குத்தான் தெரியும், அந்தக் கஷ்டத்தைச் சரியாகச் செய்கிற கடையைத்தான் சொல்வார்கள்.

கடைக்குள் போன பிறகு சமையல்காரர்கள் செய்வது ஒன்றே ஒன்று: அந்தக் கடையில் எது மிக எளிமையோ அதை முதலில் கேட்பார்கள். பிரியாணிக் கடையில் குஸ்கா, பரோட்டாக் கடையில் வெறும் சால்னா, இட்லிக் கடையில் பொடி போடாத ஒரு இட்லி, பர்மாக் கடையில் வாழைத்தண்டு சூப். மேலே அலங்காரம் ஏற ஏற அடியில் இருக்கும் தப்பு மறைந்துவிடும். அது இல்லாதபோது மறைக்க இடமில்லை. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றது எல்லாம் தானாக வரும். அதனால் இதையே பண்டம் பண்டமாகப் பார்ப்போம்.

பிரியாணி

புளியந்தோப்பு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மண்ணடி, பெரியமேடு என்று எங்கே போனாலும் முதல் அண்டா தம் உடைக்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பகல் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள். போன் போட்டுக் கேட்கலாம், இல்லையென்றால் முந்தின நாளே கல்லாவில் கேட்டு வைக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகப் பல கடைகள் ஒரு மணி வாக்கில் நிறுத்தி வைப்பார்கள், தொழுகை முடிந்ததும் கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கும். அன்றைக்குப் பன்னிரண்டுக்கே போய்விடுவது நல்லது. ரமலான் மாதத்தில் கணக்கே வேறு, பல கடைகள் நோன்பு திறந்த பிறகுதான்.

"அரை குஸ்கா கொடுங்க பாய்" என்று தொடங்குங்கள். கறி இல்லாத சோறு வரும், ஆனால் அது கறியோடு தம்மில் கிடந்த சோறு. அதில் பார்க்க வேண்டியவை இவை. சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், நுனி உடையாமல் இருக்க வேண்டும். நுனி வெடித்து, நடு குழைந்திருந்தால் சோற்றை வடிக்கும்போதே முக்கால் வேக்காட்டைத் தாண்டிவிட்டார்கள், அல்லது தம் அதிக நேரம் இருந்துவிட்டது. வெள்ளைக் கட்டியாக மசாலா படாத சோறு கொத்தாக வந்தால், அண்டாவைப் புரட்டும்போது அவசரப்பட்டிருக்கிறார்கள். விரலில் ஆரஞ்சு நிறம் ஒட்டிக் கழுவினாலும் போகாவிட்டால் கலர் பொடி. நல்ல மசாலாவில் நிறம் மிளகாயிலிருந்தும் தக்காளியிலிருந்தும் வரும், அது எண்ணெயோடு சேர்ந்து பழுப்பாகத்தான் இருக்கும்.

வாசனையையும் கவனியுங்கள். பட்டை, கிராம்பு முன்னால் வந்து மூக்கைக் குத்தினால் அளவு மீறிவிட்டது. முதலில் வர வேண்டியது இஞ்சி பூண்டும் புதினாவும் கலந்த வாசனை, அதற்குப் பின்னால் நெய்யோ எண்ணெயோ. பச்சை இஞ்சி பூண்டு வாடை நாக்கில் தங்கினால், விழுது வதங்குமுன் தக்காளியைப் போட்டுவிட்டார்கள். எண்ணெய் பிரிந்து வரும்வரை பொறுமையாக வதக்குவதில்தான் பிரியாணியின் முக்கால் பங்கு வேலை இருக்கிறது. கடையில் கூட்டம் கூடும்போது முதலில் சுருங்குவதும் அந்தப் பொறுமைதான்.

குஸ்கா தேறினால் கறியோடு வாங்குங்கள். பரிமாறுபவர் அண்டாவில் கரண்டி விடாமல் சாசரால் ஓரமாகச் சீவி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி உடையாமல் இருக்கத்தான் அது. மேல் சோறு கொஞ்சம் வறண்டிருக்கும், அடிச்சோறு எண்ணெயில் கிடக்கும். நடுப்பகுதி கேளுங்கள். அடிச்சோறு பிடிக்கும் என்றால் அதையும் வாய்விட்டே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கறித்துண்டு இரண்டு விரலால் அழுத்தினால் எலும்பை விட்டுக் கழல வேண்டும், நாராகச் சிதறக் கூடாது. மாட்டுக்கறி பிரியாணிக்கும் இதே சோதனைதான். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் பீஃப் பிரியாணியை அந்த வட்டார மக்கள் தங்கள் சொந்தச் சாப்பாடாகத்தான் பார்க்கிறார்கள். விலை குறைவு என்பதால் தரமும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுக்கறி வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். அதைச் சரியாக வேக வைக்கிற மாஸ்டருக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

பக்கத்தில் வரும் கத்தரிக்காயும் தால்ச்சாவும் கடையின் மனசைக் காட்டும். கத்தரிக்காய்ப் பச்சடியில் புளி இருந்தும் இல்லாததுபோல் இருக்க வேண்டும், எள்ளோ வேர்க்கடலையோ அரைத்தது மணலாக நெறுநெறுக்கக் கூடாது. தயிர்ப் பச்சடி வெங்காயத் தண்ணீராக இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள்.

பார்சல் வாங்குவதில்தான் நிறையப் பேர் நல்ல பிரியாணியைக் கெடுக்கிறார்கள். மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் ஆவி வெளியேறாமல் தண்ணீராகச் சோற்றில் சொட்டும், அரைமணியில் மேல் சோறு கொழகொழத்துவிடும். வாழையிலை வைத்துப் பேப்பரில் மடித்துத் தரச் சொல்லுங்கள். இன்னொன்று சுவையை விட முக்கியம். வேக வைத்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை விடும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. அதனால் மதியம் வாங்கியதை வெளியே வைத்து இரவு சூடு செய்து சாப்பிடும் பழக்கம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், மிஞ்சினால் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மீன்

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எல்லாக் கடையிலும் மீன் புதுசு என்று நினைப்பது பெரிய தப்பு. விசைப்படகு பல நாள் கடலில் தங்கித்தான் திரும்பும், முதல் நாள் பிடித்த மீன் ஐஸில் கிடந்து வரும். ஃபைபர் படகு போன அன்றோ மறுநாளோ கரைக்கு வந்துவிடும். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி "இன்னைக்கு மீனா?" என்பதல்ல, அதற்கு எவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு ஃபைபர்ல என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்பவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிடும், பதிலும் நேராக வரும்.

கிழக்குக் கடலில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கக் காலம் அது. அந்த இரண்டு மாதத்தில் சாப்பாட்டுக் கடையில் பெரிய வஞ்சிரத் துண்டு தாராளமாக இருந்தால், அது பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்தோ குளிர் கிடங்கிலிருந்தோ வந்ததாக இருக்கும். அது கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் ஃபைபர் படகில் வரும் சங்கரா, நெத்திலி, சின்ன இறால் என்று போவதுதான் புத்திசாலித்தனம்.

மசாலா தடவி அடுக்கி வைத்த மீனில் கண்ணும் செவுளும் பார்க்க முடியாது, சிவப்புப் பொடி எல்லாவற்றையும் மூடிவிடும். மூன்று இடத்தைப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் கிழிந்து விலா முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பழைய மீன். கீறல் போட்ட இடத்தில் சதை கண்ணாடிபோல் மினுமினுக்காமல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் ஐஸில் நெடுநாள் இருந்தது. தட்டின் அடியில் தேங்கிய தண்ணீர் நாறினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இங்கே எளிமையான பண்டம் மீன் குழம்பு, அதுவும் வெறும் சோற்றில். வறுவலில் எண்ணெயும் மிளகாயும் பேசும், குழம்பில் மீன் பேசும். துண்டு உடையாமல், முள்ளைத் தொட்டதும் பாளம் பாளமாகப் பிரிய வேண்டும். மாவாகக் கரைந்தால் பழையது. குழம்பு காலையில் வைத்து மதியம் சாப்பிடுவதில்தான் புளி இறங்கி நன்றாக இருக்கும், அதனால் இதற்கு ஒரு மணிக்குப் போனாலும் போதும். வறுவலுக்கு மட்டும் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும்படி நின்று வாங்குங்கள்.

கானாங்கத்தையும் சூரையும் சாப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. இந்த மீன்கள் சூட்டில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமையைக் கொண்டுவரும் பொருள் சேரும், எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுருசுரு என்று குத்தினால் அந்த வாயோடு நிறுத்துங்கள். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் போங்கள். அடுத்த மீன் சாப்பிட்டுச் சரி செய்யலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

கடம்பாவுக்கு, அதாவது கணவாய்க்கு, வேக்காடு இரண்டே வகை: இரண்டு மூன்று நிமிடம், அல்லது முக்கால் மணி. நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர். இறால் அரைவட்டமாக வளைந்திருந்தால் சரி, தலையும் வாலும் தொட்டுக்கொண்டு முழு வட்டமாகியிருந்தால் வெந்தது அதிகம்.

வறுக்கும் எண்ணெயை எட்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். மீன் போடாமலே நுரை நின்றுகொண்டிருந்தாலோ, அடுப்பு சின்னதாக இருக்கும்போதே புகைந்தாலோ, தேன்பாகுபோல் கெட்டியாக வழிந்தாலோ அது பல தடவை காய்ந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் அது கெட்டு உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி இருக்கிறது. நம்மால் அளக்க முடியாது, ஆனால் நுரையும் புகையும் கிட்டத்தட்ட அதையே சொல்லும். கடையில் 14 இலக்க உரிம எண் மாட்டியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைக் கடை, இரவுக் கடை

ஆட்டுக்கால் பாயாவுக்குக் காலை ஆறரையிலிருந்து எட்டு. இரவெல்லாம் சிறு தீயில் கிடந்த காலில்தான் எலும்புப் பசை இறங்கும். சோதனை சுலபம்: கொஞ்சம் ஆறிய பிறகு ஒரு மிடறு குடித்து உதட்டைச் சேர்த்துப் பாருங்கள், ஒட்ட வேண்டும். ஒட்டாமல் கெட்டியாக மட்டும் இருந்தால் அது தேங்காயோ முந்திரியோ கொடுத்த கெட்டி. போட்டி, குடல், ரத்தப் பொரியல் எல்லாம் பகலோடு முடித்துக்கொள்ள வேண்டியவை. போட்டியில் மிளகு தூக்கலாக இருப்பது வழக்கம்தான். அதையும் மீறி ஒரு வாடை வந்தால் வெந்நீரில் போட்டுச் சுரண்டிய வேலை பாதியில் நின்றிருக்கிறது.

பரோட்டாவுக்கு இரவு எட்டுக்கு மேல். அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். கல்லிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் அடிக்கும்போது ஆவி வெளியேறி அடுக்கு பிரியும். அப்படி அடிக்காமல் குவித்தால் அதே ஆவியில் தோல்போல் இழுக்கும். ஓட்டல் சமையல்காரர்கள் வேலை முடிந்து இரவு பதினொன்றுக்குத்தான் இந்தக் கடைகளுக்கு வருகிறார்கள். எந்தக் கடை வாசலில் அந்த நேரத்தில் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்தவர்கள் நிற்கிறார்கள் என்று பார்த்தால், அதைவிட நல்ல பரிந்துரை கிடையாது.

பர்மாக் கடைகள்

1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரில் பர்மா பஜார், அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் ரோடு. மாலை ஐந்தரைக்கு மேல் வண்டிகள் களைகட்டும். மெட்ரோவில் வந்தால் மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கி நடந்துவிடலாம்.

அத்தோ என்பது வேக வைத்த நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கடலைமாவு, உப்பு எல்லாவற்றையும் கையால் பிசைவது. அடுப்பில் வதக்கச் சொல்லாதீர்கள், பிசைந்ததுதான் அத்தோ. இதன் உயிர் பூண்டெண்ணெயில் இருக்கிறது. பூண்டு பொன்னிறமான பிறகும் எண்ணெயின் சூட்டில் தொடர்ந்து வேகும், அதனால் நிறம் வருவதற்கு ஒரு படி முன்பே வடித்துவிட வேண்டும். தவறினால் கசப்பு. அந்தக் கசப்பைப் புளியும் மிளகாயும் கொஞ்சம் மூடும், சூப் மூடாது. எனவே முதலில் வாழைத்தண்டு சூப்பை வாங்கி, மேலே இரண்டு சொட்டுப் பூண்டெண்ணெய் விட்டுக் குடித்துப் பாருங்கள். சூப்பில் பச்சைக் கடலைமாவு வாடை இருக்கக் கூடாது.

அத்தோவுக்கு மேல் நொறுக்கிப் போடும் மொறுமொறு வடையான பேஜோவைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். புளித்தண்ணீரில் இரண்டு நிமிடம் கிடந்தாலே நமுத்துவிடும். தட்டு கைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திச் சாப்பிட வேண்டியதுதான். மொய்ங்கா என்பது சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தருவது, அதற்கு பர்மாவில் மீன் அடிப்படை. இங்கே மீன் இல்லாமல் வைக்கும் வண்டிகளும் உண்டு, மீனோடு வைப்பவர்களும் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம். முட்டை மசாலாவைக் கீறிய இடம் மேலே இருக்கும்படி பிடித்து ஒரே வாயில் போட வேண்டும், இரண்டாகக் கடித்தால் உள்ளே அடைத்த பூண்டெண்ணெய் சட்டையில்தான். மழைக்காலத்தில் பச்சை முட்டைக்கோஸும் வெங்காயமும் எந்தத் தண்ணீரில் கழுவியது என்பது கேள்விக்குறி. அந்த நாட்களில் காய் இல்லாமல் பிசையச் சொல்லலாம், அல்லது கொதிக்கக் கொதிக்க மொய்ங்காவோடு நிறுத்தலாம்.

சௌகார்பேட்டை

என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் சென்டர். மாலைக் கடை. நெய் பொடி இட்லியும் ஊத்தப்பமும்தான் அங்கே. முன்னால் சொன்ன விதி இங்கேயும்: பொடியும் நெய்யும் இல்லாத ஓரத்தைப் பிய்த்து முதலில் தின்று பாருங்கள். மாவின் புளிப்பு அளவாக இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். நெய் ஆறினால் வாயில் படலம் கட்டும், அதனால் ஆளுக்கு ஒரு தட்டு என்று வாங்காமல் ஒன்றை முடித்து அடுத்தது வாங்குங்கள். தேங்காய்ச் சட்னி எந்தக் கடையிலும் வெயில் காலத்தில் முதலில் கெடும் பண்டம். நுனி நாக்கில் வைத்துப் பார்த்து லேசாகப் புளித்தாலும் தொடாதீர்கள்.

மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத் இனிப்புக் கடை. ஜிலேபி கடாயிலிருந்து பாகுக்கும், பாகிலிருந்து தட்டுக்கும் வரும் அந்தச் சில நிமிடத்தில்தான் மேலே மொறுமொறு, உள்ளே பாகு. ஒரு கால் கிலோ பார்சல் கட்டி வீட்டில் போய்ச் சாப்பிட்டால் வேறு ஜிலேபி. குங்குமப்பூப் பாலுக்கு அகலக் கடாயில் ஓரமாக ஒதுங்கும் ஆடையைக் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அந்தத் தெருப் பக்கம் கிடைக்கும் முறுக்கு சாண்ட்விச்சுக்கு ஆயுள் ஐந்து நிமிடம், வெள்ளரிக்காயும் தக்காளியும் விடும் தண்ணீரில் முறுக்கு நனைந்துவிடும். பூண்டு வெங்காயம் சாப்பிடாதவர்களுக்கு இந்த வட்டாரத்தைவிட வசதியான இடம் சென்னையில் இல்லை. "ஜெயின்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் வைத்துத் தருவார்கள் பல கடைகளில்.

ஒரே மாலையில் மூன்றையும் பார்க்க நினைத்தால் வரிசை முக்கியம். அத்தோ முதலில், பொடி இட்லி அடுத்து, பால் கடைசி. நெய் நாக்கில் படிந்த பிறகு பூண்டெண்ணெயின் நுணுக்கம் தெரியாது, இனிப்புக்குப் பிறகு புளி வெறும் புளியாகவே இருக்கும். இரண்டு பேருக்கு ஒரு அத்தோ, ஒரு முட்டை மசாலா, இரண்டு தட்டு இட்லி, நாலு ஜிலேபி, ஒரு பால் கணக்கு. அதற்கு மேல் வாங்கினால் மூன்றாவது கடையில் வயிறு சாப்பிடுமே தவிர நாக்கு சாப்பிடாது. சில்லறையாக நூறு, ஐம்பது நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக் கூட்டத்தில் செல்போனில் பணம் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்கும் நேரத்தில் பேஜோ நமுத்துவிடும்.